லிஃப்ட் அக்காவும் அப்பாவின் பாட்டுப் பெட்டியும்

அவளை எல்லோரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தத் தம்பியிலிருந்து காய்கறிக் கடைக்காரர் வரை அதே பெயர்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவர்களுக்கு மேல் மாடியிலிருந்து குரல் கொடுத்து, "கதவைப் போட்டு இடிக்காதீங்க சார், இதோ வந்துட்டேன்" என்று ஒரு அதட்டல் போடுவாள். உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. இன்னமும் கயிற்றின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதைப் பற்றியே பேசுவாள். தன்னடக்கம் என்பது அவளுக்குக் கொஞ்சம் தூரம்.

இந்தக் கைவேலை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது குடும்பத்தில் தீராத வியப்பு. அப்பா துணிக்கடையில் விற்பனையாளர். புடவையின் நூலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லுவார். ஆனால் பல்பு மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். தம்பிக்குப் பேனாவில் ரீஃபில் போடுவதே பெரிய காரியம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டு, வீடு, துணி மடிப்பு என்று அவள் பாட்டுக்கு இருப்பவள். "இவ யாரைக் கொண்டு பிறந்தாளோ!" என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். அம்மா மடித்த துணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அப்பாவிடம் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. கடையில் அதற்கு மியூசிக் சென்டர் என்று பெயர் சொல்லி விற்றார்களாம். வீட்டில் அது பாட்டுப் பெட்டிதான். நீளமான மர உடம்பு. மேலே புகை நிறத்தில் பிளாஸ்டிக் மூடி. மூடியைத் தூக்கினால் இடது பக்கம் இசைத்தட்டு சுற்றும் மேடை, வலது பக்கம் ரேடியோ, அதற்குக் கீழே கேசட் போடும் வாய். இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அப்பா அதைத் துடைப்பதற்கென்று தனியாக ஒரு துணி வைத்திருந்தார். அந்தத் துணியால் வேறு எதையும் துடைத்துவிட்டால் வீடு ரெண்டுபடும்.

பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. அதிலும் மூத்தவள் கிட்டேயே போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அலாரம் கடிகாரத்தைப் பிரித்து, திரும்பப் பூட்டி, அதற்குப் பிறகு அது ஜென்மத்துக்கும் அடிக்காமல் போனதால் வந்த வினை. அப்பா போய்ச் சேரும் வரை அவள் அந்தப் பெட்டியின் உட்புறத்தைப் பார்த்ததே இல்லை. ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவள் கையில். வீட்டில் உள்ள பெட்டி மட்டும் எட்டாக்கனி. அது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்பாவின் பாட்டு ரசனையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் வாங்கிய இசைத்தட்டு அத்தனையும் அழுகை. காதலி போய்விட்டாள், படகு வரவில்லை, மழை நிற்கவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வீட்டில் அந்தப் பாட்டுகள் அப்படியொன்றும் சோகமாகக் கேட்காது. பாடகர் அழுதாலும் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிற அவசரத்தில் அழுவார். அந்தப் படகுப் பாட்டுக்குத் தம்பி சின்ன வயதில் ஆட்டம் போட்டிருக்கிறான். ரேடியோவில் அதே பாட்டு வந்தால் அப்பா முகத்தைச் சுளிப்பார். "நம்ம பெட்டியில இருக்கிற சுறுசுறுப்பு இதுல இல்லையே" என்பார். ஒரு கல்யாண வீட்டில் பாட்டுக் குழுவோடு சேர்ந்து பாடப் போய், "என்னய்யா இழுக்கிறீங்க, சாப்பிடலையா?" என்று மேடையிலேயே சண்டை போட்டுவிட்டு இறங்கியது தனிக் கதை. பிற்பாடு தம்பி தன் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டபோது, வீடே கூடி, "இது வேற யாரோ பாடினது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்பா போன பிறகு பெட்டியும் வாயை மூடிக்கொண்டது. சில வருடங்கள் யாரும் அதைப் போடவில்லை. போட்டுப் பார்த்தபோது ஸ்பீக்கரில் ஒரு உறுமல், அவ்வளவுதான். அம்மா அதன் மேல் ஒரு விரிப்பைப் போட்டு மடித்த துணிகளை அடுக்கிவைத்தாள்.

இப்போது அம்மா பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியின் வீட்டுக்குப் போகப்போகிறாள். அது அடுக்குமாடியில் சின்ன வீடு. எது வரும், எது வராது என்று தம்பி மனைவி கையில் அளவு டேப்போடு வந்து நின்றாள். நல்ல பெண், யாருக்கும் மனம் நோகாமல் பேசுவாள்.

"அத்தை, ஜன்னலுக்குக் கீழ இந்தப் பெட்டி உக்காரும். நான் அளந்துட்டேன்" என்றாள்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "உக்காந்து என்ன பண்ணும்? ஓடினா வரட்டும். ஓடலைன்னா பழைய சாமான்காரருக்குக் குடுத்துடலாம். லாரி ஞாயித்துக்கிழமை வருது."

லிஃப்ட் அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தது. நாற்பது வருடம் வார்டில் கைநடுக்கம் இல்லாமல் ஊசி போட்ட கை அது. லிஃப்ட் அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஓடும். நான் ஓட வைக்கிறேன்" என்றாள்.

"அலாரம் கடிகாரத்தை ஓட வச்ச மாதிரியா?" என்றான் தம்பி.

"நீ போய் ரீஃபிலை மாத்துடா."

வேலைக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பெட்டியைச் சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றினாள். பக்கத்தில் ஒரு முட்டை அட்டை. லிஃப்டாக இருந்தாலும் மிக்ஸியாக இருந்தாலும் கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் போடுவது அவள் பழக்கம். ஒட்டடையாக இருந்தாலும் சரி, இற்றுப்போன வாஷராக இருந்தாலும் சரி, இயந்திரம் நன்றாக ஓடி முடிக்கும் வரை எதையும் குப்பையில் போடமாட்டாள். கூட வேலை செய்பவர்கள் இதற்காக அவளைக் கிண்டல் செய்வார்கள். அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

உள்ளே பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் இதற்காகவா தவம் கிடந்தோம்! ஒரு மோட்டார். அதன் பித்தளைத் தண்டை ஒட்டி ஒரு ரப்பர் சக்கரம். தண்டு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மேடையைச் சுற்றும். லிஃப்டுக்கு வேண்டிய அறிவில் பாதி கூட இதற்குத் தேவையில்லை. ஆனால் மசகு இறுகிப் பிசினாகியிருந்தது. மோட்டார் தண்டைக் கையால் கூடத் திருப்ப முடியவில்லை. ஸ்பிரிட் விட்டு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். ரப்பர் சக்கரம் வழவழவென்று இருந்தது. உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிப் பிடிப்புக் கொடுத்தாள். கேசட் பகுதியில் இருந்த பெல்ட் உருகித் தார் மாதிரி ஒழுகியிருந்தது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் மூக்கு நுனி வரை கறுப்பு. உறுமலுக்குக் காரணமான இரண்டு கெட்டுப்போன கன்டென்சர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தாள்.

பித்தளைத் தண்டில் ஒரு இடத்தில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. அழுக்கும் பிசுபிசுப்புமாக ஒரு வளையம். யாரோ அரைகுறை மெக்கானிக் செய்த வேலை என்று நினைத்தாள். "இப்படியா வேலை பார்ப்பாங்க!" என்று அந்தக் கண்காணாத ஆளைத் திட்டிக்கொண்டே கத்தி முனையால் நெம்பி எடுத்து, முட்டை அட்டையின் கடைசிக் குழியில் போட்டாள். தண்டைப் பளபளவென்று துடைத்தாள்.

அம்மா இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி நின்றாள். கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். தம்பி, தம்பி மனைவி, அம்மா. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். லிஃப்ட் அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு படகுப் பாட்டை எடுத்துப் போட்டாள். மேடை சுற்றியது. ஊசி இறங்கியது. கரகரப்பு ஒரு நொடி, பிறகு வயலின்.

தம்பி கைதட்டத் தொடங்கிவிட்டான். பாடகர் வாயைத் திறந்ததும் கை நின்றுபோனது.

குரல் கனத்துப்போய் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் காலை இழுத்து இழுத்து நடந்தது. சுறுசுறுப்பாக ஓடுகிற அந்த மனிதரைக் காணோம். இவர் உண்மையாகவே யாரையோ பறிகொடுத்தவர்.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கே? அப்பா பாட்டு இப்படியா இருக்கும்?" என்றான் தம்பி. அவன் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"அண்ணி ரெண்டு நாளா கஷ்டப்பட்டிருக்காங்க. ஓடுதுல்ல, அது போதும்" என்று தம்பி மனைவி சமாளித்துப் பார்த்தாள்.

அம்மா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "நிறுத்தும்மா" என்றாள். பிறகு தம்பியிடம், "இது வேண்டாம்ப்பா. யாருக்காவது குடுத்துடு. அங்க இடமும் சின்னது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லிஃப்ட் அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. பெட்டி போனால் போகட்டும். அப்பாவின் பாட்டைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே! "தொடாதே" என்று அப்பா சொன்னது சரிதானோ? கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை. மேடையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினாள். இந்த மாதிரி இசைத்தட்டு மூன்று நிமிடத்தில் நூறு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றியது. இன்னொரு தடவை எண்ணினாள். அதே நூறு.

பெட்டியில் பிழை ஒன்றுமில்லை. இப்போதுதான் அது ஒழுங்காகவே ஓடுகிறது. அப்படியென்றால் இத்தனை வருடம் என்ன கேட்டோம்?

முட்டை அட்டையைப் பார்த்தாள். கடைசிக் குழியில் அந்தக் கறுப்பு வளையம் கிடந்தது. எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தாள். அழுக்குப் போகப் போக, தோல் நிறத்தில் துணி தெரிந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல், ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றியிருந்தது. தண்டைப் பருமனாக்கினால் சக்கரம் வேகமாகச் சுற்றும். சக்கரம் வேகமானால் பாட்டும் வேகம். இப்படி நறுவிசாகக் கட்டுப்போடத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

உள்ளே அம்மா போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் அக்கா உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினாள்.

அம்மா பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது. லிஃப்ட் அக்கா பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"அம்மா, நீயா?"

"சக்கரம் வழுக்குதுடி அப்ப. பாட்டு ஆடி ஆடி வரும். உங்கப்பா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். கடைக்குக் குடுத்தா எப்ப வருமோன்னு பயம். சரின்னு, அவர் வேலைக்குப் போனதும் தட்டு சுத்துற மேடையைத் தூக்கிப் பார்த்தேன். இது இதைத் தொட்டுச் சுத்துது, நடுவுல பிடிப்பு இல்லன்னு தெரிஞ்சுது. வார்டுப் பிளாஸ்டர் பையில இருந்துது. சுத்திவிட்டேன்."

"வேகமா ஓடுச்சே, தெரியலையா?"

"தெரியாம என்ன? சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். பாட்டைப் போட்டார். தலையை ஆட்டிக் கேட்டுட்டு, 'இன்னைக்கு என்னமா பாடறான் பாரு!'ன்னார். அவ்வளவு சந்தோஷம். நான் எப்படிச் சொல்றது?" அம்மா மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "எனக்கும் அது சௌகரியமாப் போச்சு. நாளெல்லாம் வார்டுல முனகல் கேட்டுட்டு வரேன். வீட்டுக்கு வந்தா இவர் அழுகையைப் போடுவார். அந்த வேகத்துல கேட்டா அவ்வளவு துக்கமா இல்ல. பிளாஸ்டர் காய்ஞ்சு போனா மாத்துவேன். யாரும் இல்லாதப்ப."

லிஃப்ட் அக்கா கையில் இருந்த வளையத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருடமாக, யார் கண்ணிலும் படாமல், அப்பாவின் பெட்டியைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் இவள்! துணி மடிக்கிறவள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க! அவளுக்குக் கோபமாகவும் வந்தது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கட்டிக்கொண்டாள்.

"'யாரைக் கொண்டு பிறந்தாளோ'ன்னு அப்பா கேக்கும்போதெல்லாம் பேசாம போவியே அம்மா!"

"பேசினா மாட்டிக்குவேன்ல?"

"சரி, வா. திரும்பச் சுத்திடலாம். நான் சுத்தறேன்."

"நீ சுத்தினா சரியா வராது" என்றாள் அம்மா. கைப்பையைத் திறந்து பிளாஸ்டர் உருளையை எடுத்தாள். கூடத்துக்கு வந்து, மேடை மேல் இருந்த ரப்பர் விரிப்பை விலக்கி, மேடையைப் பிடித்திருந்த சின்னக் கிளிப்பை நகத்தாலேயே கழற்றித் தூக்கி வைத்தாள். லிஃப்ட் அக்கா அதே கிளிப்பைக் கழற்ற அரைமணி நேரம் போராடியிருந்தாள். அதை அவள் வெளியே சொல்லவில்லை. அம்மா பிளாஸ்டரைக் கிழித்து, தண்டில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திச் சுற்றினாள். கை நடுங்கவில்லை.

பாட்டு கிளம்பியது. பாடகருக்குப் பழையபடி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் வந்துவிட்டது. வாசலில் மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தம்பி உள்ளே ஓடிவந்தான்.

"அக்கா! சரி பண்ணிட்டியே! இதுதான்! இதுதான் நம்ம பாட்டு!" அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அந்தத் தொப்பையோடு ஒரு ஆட்டம் போட்டான். அவன் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கக்கா கைராசிடா" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்.

லிஃப்ட் அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக, தான் செய்யாத வேலைக்குப் பெயர் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றாள். பெட்டி மறுநாள் லாரியில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவளுக்குத் தம்பி வீட்டுப் பக்கம் வேலை இருந்தது. அந்தக் கட்டிடத்து லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடி ஏறினாள். வீட்டு வாசலிலேயே பாட்டு கேட்டது. கேட்டதும் நின்றுவிட்டாள். இழுத்து இழுத்து, கனத்த குரலில், அந்த மனிதர் வராத படகுக்காக அழுதுகொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண் நனைந்திருந்தது. மடியில் மடித்த துணி எதுவும் இல்லை.

"பிளாஸ்டர் கழண்டுடுச்சாம்மா? பார்க்கட்டுமா?"

"நான்தான் எடுத்தேன். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"ஒரு கல்யாணத்துல உங்கப்பா பாட்டுக்காரங்களோட சண்டை போட்டாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்மா.

"அதை மறக்க முடியுமா?"

"அதுக்கு அடுத்த வாரம் கடையிலேருந்து வரும்போது ஒரு பெரிய பிளாஸ்டர் உருளை வாங்கிட்டு வந்தார். பெட்டி மேல வச்சார். யாருக்கும் அடிபடலை. நானும் ஏன்னு கேக்கல, அவரும் எதுவும் சொல்லல. தீர்ந்துபோச்சுன்னா இன்னொண்ணு வந்துடும். கடைசி வரைக்கும்."

லிஃப்ட் அக்கா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தெரியும். மேடையில் நின்று ஊர் சிரிக்கச் சண்டை போட்ட பிறகு தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும், "நம்ம பெட்டியில இருக்கிற சுறுசுறுப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இத்தனை வருஷம் அவர் என் வேகத்துக்குக் கேட்டார்" என்றாள் அம்மா. "மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல. நான் ரெண்டு பாட்டு அவர் வேகத்துக்குக் கேட்டா என்ன?"

இரண்டு பேரும் கேட்டார்கள். அம்மா அழுதாள்; லிஃப்ட் அக்காவும் வெட்கப்படாமல் அழுதாள். ஊசி கடைசி வளையத்துக்கு வந்து கரகரத்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தாள்.

"தம்பி வர்ற நேரமாச்சு. மெதுவா ஓடினா பெட்டி கெட்டுப்போச்சும்பான்" என்று சொல்லி, பிளாஸ்டர் உருளையை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"ரெண்டு சுத்து. இழுத்துச் சுத்தாதே, பாட்டு ஆடும்."